கொண்டுபோய் விடுகிறவர்

அவரைப் பற்றி யாரிடம் கேட்டாலும் தங்கமான மனுஷி என்றுதான் சொல்வார்கள். நான் மறுக்கவில்லை. தங்கமானவர்தான். ஆனால் அவர் பேச்சு வந்தாலே என்னால் உட்கார்ந்த இடத்தில் உட்கார முடியாது. எழுந்துபோய் துலக்கி வைத்த பாத்திரத்தையே இன்னொரு தடவை துலக்குவேன். இத்தனை வருஷத்தில் அது குறையவில்லை. எழுதினாலாவது குறைகிறதா, பார்க்கலாம்.

பெயரைச் சொல்ல மாட்டேன். பெங்களூர் அல்சூரில் எல்லோரும் அவரை பைபிளம்மா என்றுதான் கூப்பிட்டோம். மிஷன்காரர்கள் சம்பளம் கொடுத்து வீடு வீடாக அனுப்பிய பெண். வேதம் வாசிப்பது, பெண்களுக்கு எழுத்துக்கூட்டச் சொல்லித் தருவது, தையல் கற்றுத் தருவது, இதெல்லாம் அவர் வேலை. கறுப்புக் குடை, முழங்கை வரை வெள்ளை ரவிக்கை, காலில் கான்வாஸ் ஷூ, தோளில் ஒரு துணிப்பை. பையில் பைபிளோடு ஒரு தகர டப்பியும் இருக்கும். அதில் தேன்மெழுகும் வேப்பெண்ணெயும் சேர்த்து அவரே காய்ச்சிய களிம்பு. அந்த டப்பி மாதத்துக்கு இரண்டு தடவை தீர்ந்துபோகும். எங்கள் தெருவின் யோக்கியதை தெரிய அது ஒன்று போதும்.

மிஷன் அவருக்குச் சொல்லாத வேலை ஒன்றும் இருந்தது. புருஷனிடம் அடி வாங்கிக்கொண்டு தாய் வீட்டுக்கு ஓடி வந்தவளைத் திரும்பக் கொண்டுபோய் விடுவது. அதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. வருவார். முதலில் ஒன்றும் பேச மாட்டார். வந்தவளின் தலையை மடியில் சாய்த்துக்கொண்டு காயத்துக்குக் களிம்பு போடுவார். மெதுவாகத் தலைமுடியைச் சிக்கெடுத்துப் பின்னி விடுவார். அந்தப் பெண் அழுது ஓய்ந்து மூக்கைச் சிந்துகிற நேரம் பார்த்து, மார்க்கெட்டுக்குக் கூப்பிடுகிற குரலில் கேட்பார்.

“இன்னிக்குப் போயிடலாமா, கண்ணு?”

கன்னடக்கார வீடு என்றால், “ஏளம்மா, ஹோகோணவா?” தக்கனி உருது பேசுகிற வீடு என்றால், “சலேங்கே, பேட்டீ?” மூன்று பாஷையிலும் குரல் ஒன்றுதான். மாட்டேன் என்று சொன்ன பெண்ணை நான் பார்த்ததில்லை. அவ்வளவு அன்பாக ஒருத்தர் கேட்கும்போது எப்படி மாட்டேன் என்பது?

பிறகு அவர் குடையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடக்க, துணி மூட்டையோடு அவள் பின்னால் நடப்பாள். தெருவே வாசலுக்கு வந்து பார்க்கும். “அப்பாடா, கிளம்பிட்டா. பைபிளம்மா இருக்கங்காட்டி ஆச்சு” என்று ஒருத்தி சொல்ல, மற்றவர்கள் தலையாட்டிவிட்டு உள்ளே போய்விடுவார்கள். இரண்டு நாளாக அந்த வீட்டுப் பக்கம் கண்ணைத் திருப்பாமல் நடந்தவர்கள் எல்லோருக்கும் அன்றைக்கு நிம்மதி. எனக்கும் நிம்மதிதான். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. டீச்சர் ட்ரெயினிங் படித்துக்கொண்டிருந்தேன். உலகத்தையே திருத்தப் போகிறவள் என்று நினைப்பு வேறு.

புருஷன்மாரைப் பேசி மடக்குவதிலும் அவர் கெட்டிக்காரர். எங்கள் வீட்டுக்கு எதிர்ச் சாரியில் பட்லர் ஒருத்தர் இருந்தார். துரை வீட்டில் தட்டு வைக்கிற சத்தம்கூடக் கேட்காமல் பரிமாறுகிற கை, சொந்த வீட்டில் அப்படி இல்லை. ஒரு நாள் அவர் மனைவியைக் கொண்டுபோய் விட பைபிளம்மா வந்தபோது, தையல் துணி வாங்குகிற சாக்கில் நானும் கூடப் போனேன். பைபிளம்மா நேராக உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தார். “தண்ணி கொண்டாங்க தம்பி, உங்க கையாலயே” என்று பட்லரிடம் கேட்டு வாங்கிக் குடித்தார். “நீ போய் அடுப்பைப் பத்த வை, கண்ணு” என்று அவளை உள்ளே அனுப்பினார். அதற்கப்புறம் பட்லரிடம் தாழ்ந்த குரலில் பேச ஆரம்பித்தார். பட்லரின் செத்துப்போன தாயாரைப் பற்றி என்னமோ கேட்டார். கால் மணி நேரத்தில் அந்த மனுஷன் தோளில் கிடந்த துண்டை வாயில் அடைத்துக்கொண்டு தேம்பினார். அடி வாங்கினவள் காப்பியைக் கொண்டு வந்து அவருக்குக் கொடுத்து, “அழாதீங்க” என்றாள்.

வெளியே வந்ததும் பைபிளம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “அழுதான் பாத்தியா? கல்லு இல்ல, மனுஷன்தான்” என்றார். அழுதானா இல்லையா என்பதுதான் அவருக்குக் கணக்கு. அழுதுவிட்டால் முடிந்தது.

அந்த ஆள் அழுதது உண்மை. அடுத்த வாரம் அடித்ததும் உண்மை. எங்கள் வீட்டு ஜன்னலை நாங்கள் சாத்திக்கொண்டோம்.

இந்த வேலையெல்லாம் பெரும்பாலும் சனிக்கிழமையில் நடக்கும். அதற்குக் காரணம் உண்டு. எங்கள் சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. அப்பமும் திராட்சை ரசமும் வாங்க விரும்புகிறவர்கள் முந்தின வாரமே போதகரிடம் பெயர் கொடுக்க வேண்டும். மனஸ்தாபத்தோடு இருக்கிறவர்கள் சமாதானமாகாமல் பந்திக்கு வரக் கூடாது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் புருஷனை விட்டு வந்து தாய் வீட்டில் இருக்கிறவளின் பெயரைச் சேர்க்க மாட்டார்கள். புருஷன் பெயரைச் சேர்ப்பார்கள். ஒரு தடவை நான் சபைக் கமிட்டிக்காரர் ஒருத்தரிடம் இது என்ன நியாயம் என்று கேட்டேன். “அவன் வீட்டுலதானேம்மா இருக்கான்? வெளிய போனது அவதானே?” என்றார். ரொம்பத் தெளிவாகச் சொன்னார்.

ஆக, திருவிருந்துக்கு முந்தின வாரம் பைபிளம்மா கையில் ஒரு சீட்டு இருக்கும். சமாதானமாக வேண்டியவர்கள் பெயர் அதில் இருக்கும். சனிக்கிழமை சாயந்தரத்துக்குள் எல்லாப் பெயரையும் அடித்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அந்த ஜோடிகள் பக்கத்தில் பக்கத்தில் முழங்கால் போடுவதைக் கடைசி வரிசையிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பார். அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். பரீட்சையில் எல்லாப் பிள்ளைகளும் பாஸான டீச்சர் முகம்.

அந்தச் சீட்டில் என் அக்கா பெயரும் வந்தது.

அக்காவை ஆஸ்டின் டவுனில் கொடுத்திருந்தோம். மாமா ராணுவ ஸ்டோரில் கிளார்க். கோயில் பாட்டுக் குழுவில் கனத்த குரலில் பாடுவார். வெள்ளைக் கோட்டு, படிய வாரின கிராப்பு. மாப்பிள்ளை எப்படி என்று கேட்டவர்கள் எல்லோரும் அவர் பாட்டைத்தான் சொன்னார்கள். கல்யாணமாகி எட்டாவது மாதம் அக்கா உதடு கிழிந்து வந்து நின்றாள். பைபிளம்மா வந்தார், களிம்பு போட்டார், கேட்டார், கூட்டிக்கொண்டு போனார். அடுத்த வருஷம் முதுகில் பெல்ட்டுத் தடத்தோடு வந்தாள். மறுபடியும் வந்தார், கூட்டிக்கொண்டு போனார். இரண்டு தடவையும் மாமா அழுததாகத் திரும்பி வந்து சொன்னார்.

அம்மா கல்மனசுக்காரி இல்லை. அப்பா செத்த பிறகு எங்கள் இரண்டு பேரையும் பாவாடை தைத்து விற்று வளர்த்தவள். ஆனால் அக்கா மூட்டையோடு வந்து நிற்கும்போதெல்லாம் என் பக்கம்தான் அவள் பார்வை போகும். “உனக்குப் பின்னால ஒருத்தி நிக்கிறாளே, பெரியவளே. வாழாவெட்டி தங்கச்சின்னு இவளை யாரு கட்டுவான்?” என்பாள். அக்கா அடி வாங்கத் திரும்பிப் போனது எனக்காக. நான் அதைக் கேட்டுக்கொண்டு புத்தகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன். அதையும் எழுதத்தான் வேண்டும்.

மூன்றாம் தடவை அக்கா வந்தபோது காயம் என்று ஒன்றும் தெரியவில்லை. சாப்பிட்டாள், தூங்கினாள். கூப்பிட்டால் சில நேரம் திரும்பினாள், சில நேரம் திரும்பவில்லை. தலைகாணியில் ரத்தக் கறையைப் பார்த்த பிறகுதான் கேட்டேன். கன்னத்தோடு சேர்த்து இடது காதில் அறைந்திருக்கிறார். அன்றிலிருந்து அந்தக் காதில் இரைச்சல் தவிர ஒன்றும் இல்லை. “அம்மாகிட்ட சொல்லாத” என்றாள்.

சனிக்கிழமை பைபிளம்மா வந்துவிட்டார். அக்கா தரையில் உட்கார்ந்து முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அவளுடைய இடது பக்கமாக வந்து உட்கார்ந்து, தலையைத் தடவிக் கொடுத்து, கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்.

“இன்னிக்குப் போயிடலாமா, கண்ணு?”

அக்கா கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவர் மறுபடி கேட்டார். அக்கா நிமிரவே இல்லை. அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “பெரியவங்க கேக்கறாங்க, வாயில என்ன கொழுக்கட்டையா? என்னாடி திமிரு இது?”

என்னால் பொறுக்க முடியவில்லை. “அந்தக் காது கேக்காதும்மா. மாமா அடிச்சதுல போயிடுச்சு” என்று கத்திவிட்டேன்.

அம்மா அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பைபிளம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பொய்க் கண்ணீர் இல்லை, மெய்யாகவே கலங்கினார். மடியில் இருந்த பையைக் கீழே வைத்தார். ஒரு கையைத் தரையில் ஊன்றி எழுந்தார். அக்காவைச் சுற்றிக்கொண்டு போய் வலது பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“இன்னிக்குப் போயிடலாமா, கண்ணு?” என்று கேட்டார்.

இதை நான் யாரிடம் சொன்னாலும், நீ கூட்டிச் சொல்கிறாய் என்கிறார்கள். ஒரு வார்த்தைகூடக் கூட்டவில்லை. அந்த நிமிஷத்தில் அவரை நான் வெறுத்தேன். களிம்பு டப்பியோடு சேர்த்து வெளியே தள்ள வேண்டும் என்று தோன்றியது.

அக்கா முறத்தைக் கீழே வைத்தாள். “வாசல்ல விட்டுட்டு வந்துடறதுக்குக் கூப்பிடாதீங்கம்மா. நீங்களும் வந்து என்கூட இருங்க. ஒரு வாரம் இருங்க. அப்புறமா கேளுங்க.”

அவர் சிரித்து மழுப்பிவிட்டுப் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். இல்லை. “சரி, வரேன்” என்றார். அன்று சாயந்தரமே ஒரு மாற்றுப் புடவையை எடுத்துக்கொண்டு அக்காவோடு ஆஸ்டின் டவுனுக்குப் போனார்.

அங்கே நடந்ததை அக்காதான் சொன்னாள். முதல் நாலு நாள் மாமாவைப் போல ஒரு மனுஷன் உண்டா என்று இருந்ததாம். கோழி வாங்கி வந்தார். சாப்பாட்டுக்கு முன் ஜெபம் பண்ணினார். பைபிளம்மாவை ‘அம்மா, அம்மா’ என்று சுற்றிச் சுற்றி வந்து பாட்டெல்லாம் பாடிக் காட்டினார். ஐந்தாம் நாள் காலையில் அக்கா அவர் கோட்டுக்கு இஸ்திரி போட்டாள். பெட்டியிலிருந்து ஒரு கரித் துண்டு தெறித்து, காலரில் மிளகு அளவுக்கு ஒரு ஓட்டை. ஆபீசுக்கு நேரமாகிவிட்டது. வீட்டில் வெளியாள் இருப்பது மறந்துபோய் மாமா மூலையில் இருந்த இரும்புத் தடியை எடுத்துவிட்டார். பைபிளம்மா நடுவில் போய்க் கையை நீட்டினார். மணிக்கட்டு முறிந்தது.

அதன் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. மத்தியானத்துக்குள் மிஷனின் வெள்ளைக்கார மிஸ்ஸியம்மா மோட்டாரில் டாக்டரைக் கூட்டிக்கொண்டு வந்து இறங்கினார். போதகர் வேர்க்க விறுவிறுக்க சைக்கிளில் வந்தார். போலீஸ் இன்ஸ்பெக்டர் ஒருத்தர் மாமாவை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு வெளுத்து வாங்கினார். கமிட்டி கூடியது. “ஊழியக்காரி மேலயே கை வெச்சுட்டானே!” என்று அல்சூரிலிருந்து ஆஸ்டின் டவுன் வரை ஒரே கலாட்டா. அக்கா எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். அதுவரை எட்டிப் பார்க்காதவர்கள் எல்லாம் வந்து, பைபிளம்மா கை எப்படி இருக்கிறது என்று விசாரித்தார்கள். அக்கா அவர்களுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள். அவள் காதைப் பற்றி ஒருத்தரும் கேட்கவில்லை. சொன்னாலும், “அப்படியா, பாவம்” என்றுவிட்டு மறுபடி பைபிளம்மா கைப் பேச்சுக்கே வந்துவிடுவார்கள்.

அடுத்த திருவிருந்து ஞாயிறன்று, பந்தி தொடங்குவதற்கு முன்னால், மாமாவை எழுந்து முன்னால் வரச் சொன்னார்கள். வந்தார். கட்டுப் போட்ட கையோடு உட்கார்ந்திருந்த பைபிளம்மா முன்னால் முழங்கால் போட்டு, “தெரியாம பட்டுடுச்சும்மா, என்னை மன்னிச்சிடுங்க” என்று ஓவென்று அழுதார். சபையில் பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

“மன்னிச்சிட்டீங்களாம்மா?” என்று போதகர் கேட்டார்.

“மன்னிச்சிட்டேன் ஐயா” என்றார் பைபிளம்மா.

கோயில் முழுக்க ஒரு பெருமூச்சு. போதகர் முகம் மலர்ந்து பெண்கள் பக்கம் திரும்பினார். “சந்தோஷம். அப்போ இன்னிக்கே குடும்பமா சேர்ந்து பந்திக்கு வந்துடலாம். அம்மா, நீங்களே அந்தப் பொண்ணைக் கூட்டிட்டு வாங்க.”

எல்லோரும் பைபிளம்மாவைப் பார்த்தோம். அவர் எழுந்திருக்கவில்லை. கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“என் கைக்கு நான் மன்னிச்சேன் ஐயா. அந்தப் பொண்ணு காதுக்கு நான் எப்படி மன்னிக்கிறது? அதை அவளைத்தான் கேக்கணும்.”

போதகர் கேட்கவில்லை. கேட்காமலே அக்கா எழுந்து நின்றாள். “நான் போகல” என்றாள். அன்றைக்கு முன்பு பாட்டையும் ஜெபத்தையும் தவிர ஒரு பெண் குரலும் கேட்டிராத இடம் அது. உட்கார் என்று முந்தானையைப் பிடித்து இழுப்பாள் என்று அம்மாவைப் பார்த்தேன். அம்மாவும் எழுந்தாள். அக்கா கையைப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று வெளியே நடந்தாள். நான் செருப்பைக்கூட மாட்டாமல் பின்னால் ஓடினேன். வீட்டுக்கு வந்ததும் அம்மா, “பருப்பு வேக வெச்சுட்டுத்தானே கிளம்பினீங்க?” என்று மட்டும் கேட்டாள்.

அக்கா திரும்பிப் போகவில்லை. நாலு வருஷம் அவள் பெயரைப் பந்திக்குச் சேர்க்கவில்லை. பிறகு கோலார் பக்கம் ஒரு பெண்கள் போர்டிங்கில் மேட்ரனாகப் போனாள். நன்றாக இருக்கிறாள். பிள்ளைகள் ரொம்பச் சத்தம் போட்டால் வலது காதைத் தலைகாணியில் அழுத்திக்கொண்டு தூங்குவாளாம். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அதற்கும் அக்காவுக்கும் சம்பந்தமில்லை.

பைபிளம்மாவுக்குத்தான் அந்த வேலை போனது. குடும்பத்தைப் பிரிக்கிறவர் என்று பேச்சு கிளம்பியது. இருபது வருஷம் சேர்த்து வைத்தவருக்கு அந்தப் பெயர் வர ஒரு ஞாயிற்றுக்கிழமை போதுமாயிருந்தது. வீடு வீடாகப் போவதை நிறுத்தி, தையல் வகுப்பில் உட்கார வைத்தார்கள். கோணலாகக் கூடின மணிக்கட்டோடு அவர் எப்படித் தைத்தாரோ.

எனக்கு மனசு ஆறவில்லை. பல வருஷம் கழித்து, வாழைப்பழம் ஒரு சீப்பு வாங்கிக்கொண்டு அவரைப் பார்க்கப் போனேன். சண்டை போடத்தான் போனேன் என்று சொல்ல வேண்டும். மிஷன் காம்பவுண்டில் ஒரு ஓரத்து அறை. கட்டில், ஒரு பெட்டி, ஸ்டவ். தலை முழுக்க நரைத்திருந்தது. உட்கார்ந்ததும் கேட்டுவிட்டேன்.

“உங்க கை உடைஞ்சாத்தான் உங்களுக்குத் தெரியணுமா? எங்க அக்கா காது போனப்பவே தெரியலையா?”

அவருக்குக் கோபம் வரவில்லை. பழத்தை உரித்து எனக்கு ஒன்று கொடுத்தார்.

“தெரியாதுன்னா நினைச்சே? எனக்கு எல்லாம் தெரியும், கண்ணு. அவனுங்க அழுகை எத்தனை நாளைக்குத் தாங்கும்னு எனக்குத் தெரியாதா? அந்த அழுகை காயறதுக்குள்ள அவளை விட்டுட்டு வந்துடணும்னுதான் வேகமா திரும்பி நடப்பேன்.”

“அப்புறம் ஏன் கொண்டுபோய் விட்டீங்க?”

“வேற எங்க விடறது?” அறையைச் சுற்றிக் கையைக் காட்டினார். “எனக்கு இருக்கிறது இந்த ஒரு ரூமு. வெளியாளைத் தங்க வெக்க மாட்டேன்னு கையெழுத்து போட்டுத்தான் உள்ள வந்தேன். உங்க தெருவுல ஒரு வீட்டுல, ஒரே ஒரு வீட்டுல, இவ இங்கயே இருக்கட்டும், விட்டுட்டுப் போங்கம்மான்னு யாராவது சொன்னாங்களா? உங்கம்மா சொன்னாங்களா? பட்லர் பொண்டாட்டி உங்க வாசல் வழியாத்தானே போனா. நீ படிச்ச பொண்ணு. நீ சொன்னியா?”

பாதிப் பழத்தைத் தோலோடு கீழே வைத்தேன். தண்ணீர் கொடுத்தார். அதற்கப்புறம் என் ஸ்கூலைப் பற்றி, என் வகுப்புப் பிள்ளைகளைப் பற்றி விசாரித்தார். அடுத்த மழைக்காலத்தில் செத்துப்போனார்.

இப்போது நான் தனியாகத்தான் இருக்கிறேன். அம்மாவும் போய்விட்டாள். மூன்று அறை வீடு. பின்னறையில் பழைய பரீட்சைத் தாள்களும் ஒரு உடைந்த தையல் மிஷினும் கிடக்கின்றன. கட்டில் போட இடம் இருக்கிறது. அக்கா வந்தால் படுக்கட்டும் என்று மெத்தைகூட வாங்கி வைத்திருக்கிறேன்.

பக்கத்து வீட்டுக்குப் போன வருஷம் ஒரு புதுத் தம்பதி குடி வந்தார்கள். அந்தப் பெண்ணுக்கு இருபது வயது இருக்கும். என்னை டீச்சர் என்று கூப்பிடுவாள். நேற்றுக் காலை தெருக் குழாயில் எனக்கு முன்னால் நின்றிருந்தாள். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது.

“என்னம்மா ஆச்சு?” என்று கேட்டேன்.

“குளிக்கிற இடத்துல வழுக்கி விழுந்துட்டேன், டீச்சர்.”

என் பின்னால் நாலு பேர் குடத்தோடு நின்றிருந்தார்கள். நான் அவளுடைய குடத்தைத் தூக்கி அவள் இடுப்பில் வைத்தேன். “பாத்து நடம்மா” என்று சொல்லிவிட்டு, என் குடத்தைக் குழாயடியில் வைத்தேன்.